தண்ணீருக்குப் பின்னால் நட்ட மருது

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஆறு பேரை. ஐந்து நான் பெற்றது, ஒன்று என் கணவரின் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஆறையும் ஒரே சட்டியில் சமைத்து, ஒரே கிணற்றில் குளிக்க வார்த்து வளர்த்தேன். பெற்றது எது, எடுத்து வளர்த்தது எது என்று ஊரில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இன்றைக்கு நான்கு பேர் வெளிநாட்டில். ஒருத்தி கொழும்பில். ஒருவன் இல்லை. அவனைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இதை என் கையாலேயே எழுதுகிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. கையெழுத்துக் கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும், எனக்கு அவசரம் இல்லை. அச்சுப் போடுகிறவர்கள் எழுத்தைத் திருத்தலாம். சொன்னதைத் திருத்தக் கூடாது.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் இந்த முறை ஆண்டு மலர் போடுகிறது. கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் தலைவர் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு உள்ளே வந்தார். அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் எனக்குத் தம்பிதான்.

“என்னணை ஆச்சி, சுகமோ? குளத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேணும். நீங்கள்தான் தரவேணும்.”

“எனக்கென்ன எழுத்துத் தெரியும் தம்பி?”

“எழுத்தை விடுங்கோ. நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன். படிச்சதுகள் வந்து நட்டது முழுக்க அழுகிப் போச்சு. நீங்கள் ஒரு ஆள் நிண்டு வளத்தது இப்ப தண்ணிக்கு மேலை தலையைக் காட்டிக்கொண்டு நிக்குது. உதைத்தான் போடவேணும். தலைப்பும் யோசிச்சிட்டன். ஊரறிவு எண்டு.”

அவர் எழுதினால் அதைத்தான் எழுதுவார். “வேண்டாம் தம்பி, நானே எழுதித் தாறன்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போனார். கிழவி இரண்டு வரி எழுதிப்போட்டு விட்டுவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

அவர் சொன்னது சரியில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய்ப் பக்கம். சமைக்கிற குசினியின் பின்கதவைத் திறந்தால் குளம். குளம் என்று பெயர்தானே தவிர, வருடம் முழுக்கத் தண்ணீர் இருக்காது. ஐப்பசியில் மழை பிடித்தால் வந்து நிற்கும், கார்த்திகையில் வயல் வரம்பைத் தாண்டிப் பரவும், தை பிறந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், பங்குனியில் தரை வெடித்துப்போய்விடும். முன்பு அந்தப் பள்ளம் முழுக்க மரம் நின்றது. தண்ணீருக்குள்ளேயே காலை வைத்துக்கொண்டு நிற்கிற மரங்கள். நாங்கள் சண்டைக்கு இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது எல்லாம் வெட்டுப்பட்டு ஒன்றும் இல்லை. வைரவர் கோயிலடியில் மட்டும் ஒரு மருது நின்றது. கோயில் மரம் என்று விட்டிருந்தார்கள். மரம் போன பிறகு தண்ணீரும் நிற்க மனமில்லாதது போலச் சீக்கிரம் வடியத் தொடங்கியது. பள்ளத்தடிக் கிணறுகளில் சவர் ஏறித் தண்ணீர் உப்புக் கரித்தது.

என் கணவர் போய்ப் பதினொரு வருடம். நான் தனியேதான் இருக்கிறேன். பயம் இல்லை, குறையும் இல்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போன் எடுப்பார்கள்.

“சாப்பிட்டீங்களோ அம்மா?”

“ஓம்.”

“மருந்து போட்டீங்களோ?”

“ஓம்.”

“அங்கை மழையோ?”

“இல்லை.”

நல்ல பிள்ளைகள். ஒரு நாளும் தவறவிட மாட்டார்கள். ஆனால் அந்த மூன்று கேள்விக்கு மேலே என்னிடம் கேட்க யாருக்கும் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுக்கும் தெரியும், அல்லது தேவையில்லை. சில நாள் போனை வைத்த பிறகு, அன்றைக்கு நான் பேசிய சொற்களை எண்ணிப் பார்ப்பேன். பூனையை ஏசியதையும் சேர்த்தால் இருபது வரும்.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஆவணியில் ஒரு பிள்ளை வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அழிந்துபோன குளக்காடுகளைத் திரும்ப உண்டாக்குகிற ஒரு நிறுவனத்தில் வேலை. சொந்த ஊர் வன்னி. எங்கள் குளத்தையும் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். இந்த ஊரில் வயது கூடினவர் யார் என்று கேட்டிருக்கிறாள், என் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

“ஆச்சி, முந்தி இந்தக் குளத்துக்கை என்னென்ன மரம் நிண்டது எண்டு சொல்லுவீங்களோ?”

கொப்பியைத் திறந்து, பென்சிலை வைத்துக்கொண்டு, என் வாயைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் இந்த ஊரில் பிறந்தவள் இல்லை. பிறந்தது உரும்பிராய். செம்மண், ஆழக் கிணறு, வாழைத் தோட்டம். எங்கள் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிற பள்ளத்தைப் பார்த்தால் மண் கொட்டி மூடச் சொல்லுவார்கள். இருபது வயதில் கலியாணம் முடித்து இங்கே வந்தேன். வந்தும் குளத்தடிக்குப் போனதில்லை. குளிப்பது கிணற்றில், தோட்டம் மேட்டில். குளத்து மரங்களை நான் பார்த்தது குசினிக் கதவிலிருந்துதான், தூரத்தில் கறுப்பாகத் தெரிந்த ஒரு பச்சை. அதில் எது என்ன மரம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் கணவர் அந்தக் குளத்தில் மாடு குளிப்பாட்டி வளர்ந்தவர். அவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

“எனக்குத் தெரியாது பிள்ளை” என்று சொல்லியிருந்தால் அவள் கொப்பியை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். மருது என்றேன், அது கோயிலடியில் நிற்கிறது. நாவல் என்றேன், புங்கு என்றேன். பிறகு வேம்பு என்றேன். அவள் ஒவ்வொன்றையும் எழுதினாள். நான் சொல்லி ஒருவர் எழுதுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அந்த மரங்கள் அங்கே நின்றது போல ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தரம் வந்தாள். குசினிப் படியில் காலை நீட்டிக்கொண்டு இருப்பாள். நான் பால் விடாத பிளேன்ரீ ஊற்றி, உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி வைப்பேன்.

“இப்பிடி நல்ல பனங்கட்டி எங்கடை ஊரிலை கிடையாது ஆச்சி.”

“உங்கடை ஊரிலை என்னதான் கிடக்கு?”

“குளம் கிடக்கு. யானை கிடக்கு.”

“யானையை நீயே வைச்சிரு.”

அவள் சிரித்தால் பனங்கட்டி தொண்டையில் அடைத்து இருமுவாள். அந்த நாட்களில் பின்னேரம் போன் வந்தால் எனக்குச் சில நேரம் தொந்தரவாகவே இருந்தது.

புரட்டாதியில் ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து விரித்தாள். குளத்தைக் கீறி, மூன்று கோடு வளைத்திருந்தாள். நடுப்பள்ளத்தை ஒட்டிய முதல் கோடு, மாதக்கணக்கில் தண்ணீருக்குள் காலை வைத்து நிற்கக் கூடிய மரத்துக்கு. அதில் முழுக்க மருது. அடுத்தது, சில வாரத்துக்கு மட்டும் நனைகிற இடம். அதில் புங்கும் நாவலும். மூன்றாவது, தண்ணீர் ஏறாத மேடு. நான் சொன்ன வேம்பை அங்கே போட்டிருந்தாள். எந்தக் கன்றை எங்கே வைப்பது என்று தெரிந்து எடுப்பதில்தான் பாதி வேலை என்றாள்.

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் சொன்ன மரத்தை அவள் ஒதுக்கி வைத்தது போல இருந்தது.

“வேம்பை ஏன் தூரக் கொண்டு போனனீ? கீழைக்குக் கொண்டு வா.”

“வேம்பு காலை நனைக்க விரும்பாது ஆச்சி. தண்ணி நிண்டால் வேர் அழுகிப்போம்.”

“வேம்பு நிக்காத இடம் யாழ்ப்பாணத்திலை இருக்கோ?”

அவள் தாளைப் பார்த்துக்கொண்டு, “நடுறது தையிலை ஆச்சி” என்றாள்.

“தையிலையோ? ஆர் சொன்னது?”

“தண்ணி வடிய வடிய அதுக்குப் பின்னாலை நட்டுக்கொண்டு போறது. தண்ணி இறங்கேக்கை வேரும் அதைத் தேடிக் கீழை இறங்கும். பிறகு கார்த்திகையிலை தண்ணி திரும்பி வரேக்கை கண்டு ஒரு ஆள் இடுப்புக்கு வளந்திடும். எங்கடை பக்கம் அப்பிடித்தான் செய்யிறவை.”

“முதல் மழைக்கு வைக்காத கண்டு ஒரு கண்டே? நான் வைச்ச மா, பிலா, தென்னை எல்லாம் ஐப்பசியிலை வைச்சது. ஒண்டு பட்டுப்போகேல்லை.”

“அது வீட்டு வளவு ஆச்சி. இது குளமெல்லே.”

அதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். இந்த ஊரில் ஐம்பத்தாறு வருடம் இருந்த என்னிடம், எனக்குக் குளம் தெரியாது என்று அவள் சொன்னது போல எனக்குக் கேட்டது. அது உண்மை என்பதுதான் இன்னும் சுட்டது.

“உங்கடை பக்கம் காடு” என்றேன். “காட்டிலை எப்பவும் நடலாம். இது ஊர். வன்னியிலை இருந்து வந்து எங்களுக்கு மழைக்காலம் படிப்பிக்காதை.”

அவள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். திரும்பி வந்து இருந்து, “சரி ஆச்சி, நீங்கள் சொல்லுறபடி செய்வம். ஊராக்கள் சொல்லுறதைக் கேட்கச் சொல்லித்தான் எங்களையும் அனுப்பினவை” என்றாள். ரப்பரை எடுத்துத் தை என்று எழுதியிருந்ததை அழித்தாள். வேம்பைக் கீழே கொண்டுவந்தாள். ரப்பர்த் தூள் குசினித் தரையில் விழுந்தது. அவள் போன பிறகு நான்தான் கூட்டினேன். அன்றைக்கு எனக்கு வெற்றி போலவே இருந்தது.

எங்கள் இரண்டு பேரையும் தவிர அந்தக் கதை யாருக்கும் தெரியாது.

ஐப்பசியில் மூன்று மழை விழுந்ததும் நட்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், நிலையத்து ஆட்கள், ஊர்ப் பெண்கள் என்று ஒரு திருவிழாச் சனம். முந்நூறு கன்று வரும். முதல் கன்றை என்னை வைக்கச் சொன்னார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் படம் எல்லாப் பிள்ளைகளுக்கும் போனது. மூத்தவன் போன் எடுத்து, “உங்களுக்கேன் அம்மா இந்த வயதிலை உந்தச் சேத்து வேலை?” என்று ஏசினான். ஏசினாலும் படத்தைத் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காட்டியதாக மருமகள் சொன்னாள்.

கார்த்திகையில் மழை விடவில்லை. ஆறு நாள் நின்று பெய்தது. குசினிக் கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். முதல் நாள் கன்றுகளின் பாதி தெரிந்தது. மூன்றாம் நாள் நுனி தெரிந்தது. பிறகு ஒரே தண்ணீர். அதன் மேலே மழை விழுகிற வட்டங்கள் மட்டும். தவளை கத்திக்கொண்டே இருந்தது. குடை பிடித்துக்கொண்டு அவள் வரம்பில் நின்று பார்த்துவிட்டுப் போனதை ஒரு நாள் கண்டேன். வீட்டுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

தையில் தண்ணீர் இறங்கியது. நான் தனியே போய்ப் பார்த்தேன். வேம்பெல்லாம் கறுத்த குச்சி, பிடித்து இழுத்தால் வேர் இல்லாமல் கையோடு வந்தது, நாற்றமும் வந்தது. மருதும் சின்னக் கன்று, முழுக்க மூழ்கி மூச்சுவிட வழியில்லாமல் போனது. ஒரு இடத்தில் மட்டும் ஐந்தாறு மருது பச்சையாக நின்றது. வயல் உழுத ட்ராக்டர் திரும்புகிற மூலையில் மண் குவிந்து ஒரு திட்டி இருந்தது. அதன் மேலே வைத்தவை அவை. தலை தண்ணீருக்கு மேலே இருந்திருக்கிறது. கால் மட்டும் நனைந்திருக்கிறது.

நான் அந்தத் திட்டியில் இருந்துவிட்டேன். அவள் சொன்னது முழுக்க அங்கே நின்றது.

மாசியில் நிலையத்தில் கூட்டம் வைத்தார்கள். அவளுடைய அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவரும் வந்திருந்தார். தலைவர் எழும்பிக் கதைத்தார்.

“குறை நினைக்கக் கூடாது. இந்தத் தங்கச்சி நல்ல பிள்ளைதான். எண்டாலும் அநுபவம் காணாது. பள்ளத்துக்கை வேம்பை வைக்கிறதே? வெள்ளத்துக்கு முன்னம் சின்னக் கண்டை வைக்கிறதே? இந்தா, ஆச்சி போல ஆக்கள் இருக்கினம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பினமெல்லே?”

பின்னாலிருந்து யாரோ, “வன்னியிலை தண்ணி மேலை பாயுதாக்கும்” என்றார். சிரித்தார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு தரம்தான். கெஞ்சுகிற பார்வை இல்லை, கோபமும் இல்லை. நான் என்ன செய்வேன் என்று பார்த்தாள், அவ்வளவுதான். நான் குனிந்து சீலைத் தலைப்பைச் சரிசெய்தேன். தலைப்பு சரியாகத்தான் இருந்தது.

“பிழை என்ரைதான்” என்று அவள் சொன்னாள். “இனிக் கவனமாச் செய்யிறன்.” அலுவலகத்துப் பெரியவர் அதை எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. தென்மராட்சிப் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று தலைவர் சொன்னார். குளவேலை இனிக் கொடுக்க மாட்டார்களாம். நாற்றுப் பைகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் விட்டிருக்கிறார்களாம். குளக்கட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை.

அந்த வருடத்துச் சித்திரை வெயிலை நான் மறக்க மாட்டேன். நான் தனிமைக்குப் புதியவள் இல்லை. ஆனால் அது வேறு மாதிரி. முன்பு ஆள் இல்லாமல் தனியே இருந்தேன். இப்போது ஒரு ஆளை அனுப்பிவிட்டுத் தனியே இருந்தேன். பிளேன்ரீக்குக் கேத்திலில் இரண்டு பேருக்கு அளவாகத் தண்ணீர் வைத்துவிட்டு, மிச்சத்தை வாழையடியில் ஊற்றுவேன். ஸ்கூட்டர்ச் சத்தம் கேட்டால் எழும்புவேன், அது ரோட்டோடு போய்விடும். பின்னேரம் பிள்ளைகள் கேட்பார்கள். சாப்பிட்டேன் என்பேன். மருந்து போட்டேன் என்பேன். நான் செய்ததை அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. என்னிடம் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பொய் சொன்னதற்கு அடித்து வளர்த்தவள் நான்.

கோயிலடி மருதின் கீழே காய் கொட்டியிருந்தது. ஐந்து செட்டை வைத்த மரக்கட்டை போன்ற காய். யாரும் பொறுக்குவதில்லை. நான் பனையோலைக் கடகம் கொண்டுபோய்ப் பொறுக்கினேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே தெரியாது. இரண்டு நாள் ஊறப்போட்டு, பால்மாப் பைகளில் மண்ணும் குளத்து வண்டலும் கலந்து நிரப்பி, ஒவ்வொன்றாக ஊன்றினேன். கிணற்றடியில் வரிசையாக வைத்தேன். ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை. பார்க்கிறவர்கள், “ஆச்சி மண்ணுக்குத் தண்ணி ஊத்துறா” என்று பகிடி பண்ணினார்கள். ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஆனியில் ஒரு காலை, ஒரு பையில் மண் பிளந்திருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பூனை நின்றது. பூனைக்குச் சொன்னேன்.

மார்கழியில் பார்த்தபோது நூற்றுக்கு மேலே கன்று, முழங்கால் உயரத்தில் நின்றது. வைக்கிற காலம் எனக்கு இப்போது தெரியும். ஆனால் எந்தக் கன்றை எங்கே, திட்டி எவ்வளவு உயரம், தண்ணீருக்கு எவ்வளவு பின்னாலே என்று தெரியாது. தெரியாது என்று நான் போய்ச் சொல்ல ஒரு ஆள்தான் இருந்தாள். அவளுடைய போன் நம்பரைக் கலண்டர் மட்டையின் பின்னாலே எழுதி வைத்திருந்தேன். மூன்று நாள் கலண்டரைத் திருப்பித் திருப்பி மாட்டினேன். நாலாம் நாள் அடித்தேன்.

“ஆர்?”

“நான்தான். சண்டிலிப்பாய் ஆச்சி.”

“சொல்லுங்கோ ஆச்சி.”

“என்னட்டை மருது கிடக்கு. நான் போட்டது. எப்பிடி வைக்கிறதெண்டு தெரியேல்லை.”

தை பிறந்து வந்த சனிக்கிழமை வந்தாள். மெலிந்திருந்தாள். நேரே கிணற்றடிக்குப் போய்க் குந்தியிருந்து, ஒரு பையைக் கிழித்து வேரைப் பார்த்தாள். “நீங்கள் தனியவோ ஆச்சி போட்டனீங்கள்?” என்றாள். ஓம் என்றேன்.

கன்றுகளைத் தரம் பிரித்தாள். தண்டு தடித்தது, வேர் நேரே இறங்கியது ஒரு பக்கம். மெலிந்து வளர்ந்தது மறு பக்கம். வைரவர் கோயில் சுவரில் போன வெள்ளத்தின் கறை இருந்தது. அதைத் தன் உடம்போடு வைத்து அளந்து பார்த்தாள். பள்ளத்து வண்டலை வெட்டி, முழங்கால் உயரத்துக்குத் திட்டி போட்டாள். மண்வெட்டியை நான் வாங்கப் போனேன், தரவில்லை. கன்றைத் திட்டியின் நடுவில் வைத்து, சுற்றி மண்ணை மிதித்து, மாடு வராமல் பனை மட்டை குத்தி மறைத்தாள். அன்றைக்குத் தண்ணீர் எதுவரை வடிந்திருந்ததோ அதுவரை ஒரு வரிசை. “அடுத்த கிழமை தண்ணி இன்னும் கொஞ்சம் இறங்கும். அதுக்குப் பின்னாலை அடுத்த வரிசை. நீங்கள் செய்வீங்கள்” என்றாள்.

பிளேன்ரீ கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள், ஒரு கையில் ஹெல்மெட். படியில் இருக்கச் சொன்னேன், நேரம் போகுது என்றாள். பனங்கட்டியை எடுத்துக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“பிள்ளை” என்றேன்.

“என்னணை?”

“தேத்தண்ணி ஆறுது.”

“குடிச்சிட்டன் ஆச்சி. வாறன்.”

அப்படித்தான் நடந்தது. வாய்வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டுத் தேத்தண்ணீரைச் சொன்னேன். ஸ்கூட்டர் ஒழுங்கையால் திரும்பும் மட்டும் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் வடிய வடிய மாசிக் கடைசி மட்டும் நட்டேன். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து. திட்டி வெட்ட மட்டும் ஒரு கூலியாளைப் பிடித்தேன். மற்றதெல்லாம் நான்தான். வெயில் காலத்தில் பெரிதாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. வேர் தண்ணீரைத் தேடிக்கொண்டு கீழே போய்விட்டது. இந்தக் கார்த்திகையில் வெள்ளம் வந்தபோது மழையில் நனைந்துகொண்டு போய்ப் பார்த்தேன். சில போய்விட்டன. மிச்சமெல்லாம் இடுப்பளவு, சில நெஞ்சளவு, தண்ணீருக்கு மேலே இலையை ஆட்டிக்கொண்டு நின்றன. ஒன்றில் ஒரு மீன்கொத்தி வந்து இருந்தது, பாரம் தாங்காமல் கொப்பு வளைந்தது. நல்ல சந்தோசம்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

ஊர் என்னைப் புகழ்கிறது. தலைவர் ஊரறிவு என்கிறார். இந்த மலர் அவளுடைய அலுவலகத்துக்கும் போகும் என்று கேள்விப்பட்டேன். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். பள்ளத்தில் வேம்பை வைக்கச் சொன்னது நான். ஐப்பசியில் நடச் சொன்னது நான். மருதைப் பள்ளத்துக்கும் வேம்பை மேட்டுக்கும் தெரிந்தெடுத்து வைத்தவள் அவள். தையில் தண்ணீருக்குப் பின்னால் நட வேண்டும் என்று சொன்னவள் அவள். அவளை வன்னி என்று சொல்லி வாயை அடைத்தது நான். கூட்டத்தில் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டது அவள். வாயை மூடிக்கொண்டு இருந்தது நான். இப்போது குளத்தில் நிற்கிற மருது அவளுடைய அறிவு. தண்ணீர் ஊற்றியது மட்டும்தான் என் வேலை. இனி இந்தப் பக்கத்துக் குளங்களில் மரம் வைப்பதென்றால் அவளைத்தான் கேட்க வேண்டும். ஊரில் என் மதிப்பு இதனால் குறையுமென்றால் குறையட்டும்.

விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து மகளும் பேத்தியும் வந்திருக்கிறார்கள். பேத்திக்குப் பதின்மூன்று வயது, தமிழ் நன்றாக வாசிப்பாள். ஐந்து நாளாக நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறாள். இப்போதும் பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

“அம்மம்மா, இதை உண்மையாவே மலரிலை போடப் போறீங்களோ? எல்லாரும் வாசிப்பினமே.”

“வாசிக்கத்தானே எழுதினது.”

“அந்த அக்காவும் வாசிப்பாவோ?”

“பின்னேரம் அவவுக்குப் போன் அடிப்பம். நான் கதைச்சால் திரும்பவும் தேத்தண்ணியைச் சொல்லிப்போடுவன். அதாலை நீ வாசி, அவ கேட்கட்டும். அதுக்கு முன்னம் எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. இந்தா, பிடி. முதலிலை இருந்து, சத்தமா. கூட்டத்திலை நான் பேசாமல் இருந்த இடம் வரேக்கை கெதியா ஓடாதை பிள்ளை.”